எல்லாத்தையும் 24-ஆல வகுக்கணும்

ஒரு மாடல் லாரியோட போட்டோவ பாத்த உடனே இது பொம்ம வண்டின்னு எப்படித் தெரியுது? அளவு சரியா இருக்கும், கலர் சரியா இருக்கும், பின்னாடி ரோடு கூட போட்டு வச்சிருப்பாங்க, ஆனாலும் அர செகண்ட்ல கண்ணு கண்டுபுடிச்சிடும். கிருஷ்ணகிரில உக்காந்து ஸ்கேல் மாடல் கட்டி, அதையே மொட்டை மாடில வச்சு போட்டோ எடுக்கறவன் நானு, ரொம்ப காலமா இந்தக் கேள்வியத்தான் சுத்திட்டு இருக்கேன். எனக்குக் கிடைச்ச பதில் தடிமன். நீளம் அகலம் உயரம் மூணையும் எல்லாரும் ஒழுங்கா வகுத்துடறாங்க. பலகையோட தடிமன், பெயிண்ட்டோட தடிமன், கயிறுல நீட்டிட்டு நிக்கிற பிசிறு, மண்ணோட பொடி, பளபளப்பு, வண்டியோட கனம், பாக்கறவனோட கண்ணு இருக்கற உயரம், இதையெல்லாம் வகுக்காம அப்படியே விட்டுடறாங்க. கேமரா முதல்ல புடிக்கறது அதைத்தான்.

முதல்ல ஸ்கேல் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன், புதுசா ஆரம்பிக்கறவங்க நெறைய பேரு இதுல குழம்பிடறாங்க. 1/24 னா நெஜத்துல 24 இன்ச் இருக்கறது நம்மகிட்ட 1 இன்ச். கிட்டு, அதாவது பார்ட் பார்ட்டா பெட்டில வர்ற மாடல வாங்கி ஒட்டறவங்க உலகத்துல ஏரோபிளேனுக்கு 1/72, 1/48, டேங்குக்கு 1/35, காருக்கு 1/24 னு பழக்கமாயிடுச்சு. 1/72 ல ஆறடி ஆளு சரியா ஒரு இன்ச் உயரம் வருவான். 1/48 ல அடிக்கு கால் இன்ச். 1/35 மட்டும் எந்த அடி இன்ச் கணக்குலயும் உக்காராது, ஏன்னா ஜப்பான்ல தமியா கம்பெனி 1960கள் தொடக்கத்துல பேந்தர் டேங்க் மாடல் பண்ணப்ப உள்ள மோட்டாரும் பேட்டரியும் அடங்கற அளவுக்கு பாடிய வச்சாங்க, அது ஏறக்குறைய 1/35 ஆ வந்துச்சு, அப்புறம் மத்த கம்பெனிகளும் அதையே புடிச்சிக்கிட்டாங்க.

நான் 1/24 எடுத்ததுக்குக் காரணம் லாரி பாடி கட்டற பட்டறை. அங்க எல்லாமே அடி, இன்ச்தான். 1/24 ல ஒரு அடிக்கு அர இன்ச். டேப்ல பாத்தத மனசுலயே பாதியாக்கி பேப்பர்ல எழுதிடலாம், கால்குலேட்டர் தேவையில்ல. 18 அடி பாடின்னா 9 இன்ச், எட்டரை அடி அகலம்னா நாலேகால் இன்ச், முடிஞ்சது.

ஏன் லாரின்னு கேக்கறவங்களுக்கு, நம்ம ஊர்ல கொஞ்ச நேரம் ரோட்டோரம் நின்னா போதும். ஸ்ரீநகர்ல இருந்து கன்னியாகுமரி போற 44-ம் நம்பர் ரோடு ஓசூர் வழியா வந்து, கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் எறங்கி சேலம் போகுது, சென்னைக்குப் போற 48 இங்கதான் கிளை பிரியுது. ராத்திரி பகல்னு இல்லாம லாரி. ஓசூர்ல லேலண்ட் கம்பெனி 1980ல இருந்து வண்டி பண்ணிட்டு இருக்கு. மே, ஜூன் வந்துட்டா மாங்கா லோடு, மாங்கூழ் ஃபேக்டரி வாசல்ல டிராக்டரும் லாரியும் வரிசை கட்டி நிக்கும். இவ்ளோ பக்கத்துல இருக்கற ஒரு வண்டிக்கு, அதுவும் மர கேபின் வச்சு கைல எழுதின லாரிக்கு, உலகத்துல எந்தக் கம்பெனியும் கிட்டு போடறதா எனக்குத் தெரியல. ஜெர்மன் டேங்குக்கு நட்டு போல்ட்டு வரைக்கும் தனி பார்ட் கிடைக்குது. நாம கட்டலன்னா நம்ம வண்டிய யாரும் கட்டப் போறதில்ல.

இன்னொரு அவசரமும் இருக்கு. முன்னாடியெல்லாம் கம்பெனில இருந்து லாரி முழுசா வராது, கவுல்னு சொல்ற முகமும் இஞ்சினும் சேஸும் மட்டும் வரும், டிரைவர் ஒரு மரப்பெட்டி மேல உக்காந்து வெயில்ல ஓட்டிட்டு நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் போயி பட்டறைல விடுவாங்க, கேபினும் பாடியும் அங்கதான் பொறக்கும். ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கை இருந்துச்சு, கேபின் நெத்தியோட வளைவு, கண்ணாடிக்கு மேல போடற பட்டி, கதவுல பூ வேலை, பாத்தாலே எந்த ஊரு பாடின்னு பழைய டிரைவருங்க சொல்லிடுவாங்க. இப்ப பெரிய லாரிங்க ஃபேக்டரி கேபினோடயே வருது, 2025 அக்டோபர்ல இருந்து தயாராகற நடுத்தர, கனரக லாரிக்கு ஏசி கேபின் கட்டாயம்னு சட்டமே வந்தாச்சு. டிரைவருக்கு அது ரொம்ப நல்லது, 45 டிகிரி வெயில்ல இஞ்சின் சூட்டுக்குப் பக்கத்துல உக்காந்து ஓட்டினவங்க பட்டது கொஞ்சமில்ல, அதனால அந்தச் சட்டத்த நான் முழு மனசோட வரவேற்கிறேன். ஆனா அந்த மர கேபின் வண்டி ரோட்டுல இருந்து போறதுக்குள்ள ஒண்ணாவது அளவோட, ஆணி அடிச்ச எடத்தோட பதிவு ஆகணும்.

அளக்கறதுதான் இந்த வேலைல பாதி. மண்டி பக்கத்துல நிறுத்தியிருந்த ஒரு பழைய ஆறு சக்கர லேலண்ட்ட புடிச்சேன். டிரைவர் அண்ணன் கிட்ட போயி "அண்ணா, வண்டிய கொஞ்சம் அளந்துக்கட்டுங்களா" னு கேட்டேன். "எதுக்கு தம்பி, விலைக்கு வாங்கப் போறியா" ன்னாரு. இந்த மாதிரி சின்னதா ஒண்ணு செய்யணும்ணான்னு போன்ல முன்னாடி செஞ்ச கார் மாடல காட்டுனேன், பாத்துட்டு ஒண்ணும் பேசாம டேப்போட இன்னொரு முனைய அவரே புடிச்சிக்கிட்டாரு. டூல் பாக்ஸ் எந்தப் பக்கம், தண்ணி கேன் எங்க கட்டுவாங்க, ஸ்டெப்னி எப்படி தொங்கும், தார்ப்பாய் கயிறு எந்தக் கொக்கில இருந்து எந்தக் கொக்கிக்கு போவும்னு அவரு சொன்னத வச்சுதான் என் நோட்டுல நாலு பக்கம் நெரம்புச்சு. எந்த புத்தகத்துலயும் இல்லாத விஷயம் அது. அளக்கறப்ப முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கம் நேரா நின்னு போட்டோ எடுத்துக்கணும், ஒவ்வொரு போட்டோலயும் ஒரு ஸ்கேலு தெரியற மாதிரி, வீட்டுக்கு வந்தப்புறம் விட்டுப்போன அளவ அதுல இருந்து எடுத்துடலாம். வண்டிக்கு அடில போயி எடுக்கறத தவற விட்ராதீங்க, பட்டைன்னு சொல்ற ஸ்பிரிங்கும், அச்சு இருக்கற ஹவுசிங்கும் அங்கதான் இருக்கு.

இப்ப தடிமன் கதைக்கு வரேன். லாரி பாடியோட பக்கப் பலகை ஒரு இன்ச்னு வைங்க, 1/24 ல அது 1 மில்லி சொச்சம். ஐஸ் குச்சி ரெண்டு மில்லி இருக்கும், அதாவது நெஜத்துல ரெண்டு இன்ச் பலகை, அப்படி ஒரு பாடி கட்டினா வண்டி காலியாவே ஓவர்லோடு. யூடியூப்ல ஐஸ் குச்சி லாரி நெறைய இருக்கு, பிள்ளைங்க ஆசையா செய்யறாங்க, நல்லது, ஆனா போட்டோவுல அது பொம்மையாத் தெரியறதுக்கு அந்தத் தடிமன்தான் காரணம். நான் பயன்படுத்தறது பிளைவுட் கடைல மிஞ்சற வினீர் துண்டு, மெல்லிசா சீவின மரத்தகடு, அர மில்லி, ரெண்ட ஒட்டினா ஒரு மில்லி, மரத்தோட கோடும் ரொம்பப் பெருசா இருக்காது. மரக்கோடும் வகுபடணும் இல்லியா, அதனால கோடு நெருக்கமா இருக்கற துண்டா தேடி எடுக்கணும். சேஸ் ஃபிரேமுக்கு பிவிசி ஃபோம் ஷீட்டு, ஸ்டேஷனரி கடைலயும் விளம்பர போர்டு பண்ற எடத்துலயும் துண்டு துண்டா கெடைக்கும். ஃபெவிக்விக்ல ஒட்டறப்ப ஜன்னல தொறந்து வைங்க, ஃபோம் ஷீட்ட தேய்க்கறப்ப தண்ணி தொட்டுத் தேய்ங்க, அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது.

மத்த சாமானுக்கு வெளியூர் ஹாபி ஷாப் வேணும்னு நெனைச்சு நெறைய பேரு ஆரம்பிக்காமலே விட்டுடறாங்க, நம்ம பஜார்லயே எல்லாம் இருக்கு. வட்ட ஹெட்லைட்டு 7 இன்ச், 24-ஆல வகுத்தா 7.4 மில்லி, ஆரி ஒர்க் சாமான் விக்கற கடைல 7 மில்லி வெள்ளைக் கல்லு பாக்கெட்டா கெடைக்குது, பின்னாடி சில்வர் பூசியிருக்கறதால வெளிச்சம் பட்டா நெஜ ரிஃப்ளெக்டர் கணக்கா மின்னும். அதே கடைல 2 மில்லி செவப்புக் கல்லு, கேபின் மேல வரிசையா வைக்கற லைட்டுக்கு. மெடிக்கல்ல 18-ம் நம்பர் ஊசி, அதோட வெளிவிட்டம் 1.27 மில்லி, பெருக்கிப் பாத்தா 30 மில்லி பைப்பு, கேபின் மேல கேரியர் கட்ட இதவிட நல்ல பொருள் இல்ல. டெய்லர் கடை நூலு தார்ப்பாய் கயிறுக்கு, ஆனா நூல அப்படியே கட்டுனா போட்டோவுல பிசிறு எலி வால் தடிமனுக்குத் தெரியும், மெழுகுவத்தில ரெண்டு தடவ இழுத்துட்டு அப்புறம் கட்டணும். தார்ப்பாய்க்குத் துணி வேண்டாம். எவ்ளோ மெல்லிசான துணியா இருந்தாலும் அதோட நெசவு 24 மடங்கு பெருசாத் தெரியும், மடிப்பும் விழாது, வெறைச்சிக்கிட்டு நிக்கும். டிஷ்யூ பேப்பர ஃபெவிக்கால் கலந்த தண்ணில நனைச்சு லோடு மேல போத்தி, காயறதுக்குள்ள விரலால மடிப்பு எடுத்து விட்டா தார்ப்பாய் தார்ப்பாயாவே இருக்கும்.

கனம் பத்தி யாரும் பேசறதில்ல. நீளம் 24-ஆல வகுபட்டா கனம் 24-ஐ மூணு தடவ பெருக்கின எண்ணால வகுபடும், அது 13,824. பழைய ஆறு சக்கர லாரி லோடோட 16.2 டன்னுன்னு சட்டம் சொல்லிச்சு, வகுத்துப் பாத்தா 1.17 கிலோ. வினீரும் ஃபோம் ஷீட்டுமா கட்டின என் வண்டி அதுல கால்வாசி கூட இருக்காது. சரி கனம் போட்டோவுல தெரியுமா? தெரியும். கனமான வண்டி ரோட்டுல உக்காந்திருக்கும், லேசான வண்டி ரோட்டத் தொட்டுட்டு நிக்கும். லோடு ஏறின லாரியோட பின் பட்டை வில்லு கணக்கா வளையாம கிட்டத்தட்ட நேரா படுத்திருக்கும், டயரோட அடி கொஞ்சம் பிதுங்கி தட்டையா இருக்கும். அதனால நான் பின் பட்டைய முதல்லயே தட்டையா வெட்டி ஒட்டிட்டேன், ஏழு டயருல ஸ்டெப்னிய விட்டுட்டு மத்த ஆறோட அடியையும் உப்புத்தாள்ல தேய்ச்சு தட்டையாக்கினேன். டயரு 10.00-20 சைஸு, 1.05 மீட்டர் உயரம், நமக்கு 44 மில்லி. ஓசூர்ல லேத்து வச்சிருக்கற நண்பன் நைலான் ராடுல ஒண்ணே ஒண்ணு கடஞ்சு கொடுத்தான், அதுல பட்டன், அதாவது டயரு மேல இருக்கற கட்டம் கட்டமான வெட்டு, வெட்டி, சிலிகான் அச்சு எடுத்து, ரெசின் ஊத்தி மத்ததையெல்லாம் எடுத்துட்டேன். டயர் தட்டையானதும் வண்டிய ரோடு மேல வச்சுப் பாத்தேன், அது வரைக்கும் இல்லாத ஒரு பாரம் அதுக்கு வந்திருந்துச்சு. டேங்க், கார், லாரி எது கட்டறவங்களா இருந்தாலும் இது ஒண்ண மட்டுமாவது செஞ்சு பாருங்க.

அடுத்து மாங்கா. கிருஷ்ணகிரி லாரின்னா மாங்கா லோடு இல்லாம எப்படி. பச்சப்பயறு போடலாம்னு ஒரு ஐடியா வந்துச்சு, கெட்ட ஐடியா இல்ல, நாலரை மில்லி நீளம், பெருக்குனா பதினோரு சென்டிமீட்டர், அளவு மாங்காக்கு ஒத்து வருது, பச்சையும் மங்கலான பச்ச. ஆனா நம்ம பக்கம் கூழுக்குப் போறது பெங்களூரா, கிளிமூக்கு மாங்கா, அதுக்கு மூக்கு இருக்கு. கிருஷ்ணகிரிக்காரன் எவனும் போட்டோவப் பாத்துட்டு இது என்ன மாங்கான்னு கேப்பான். அதனால எம்சீல் கலந்து அஞ்சு மில்லிக்கு உருட்டி, ஒரு முனைய நகத்தால கிள்ளி மூக்கு வச்சு, ஒண்ணொண்ணா செஞ்சேன். லோடு முழுக்க தேவையில்ல, உள்ள தெர்மக்கோல மேடா வெட்டி வச்சு மேல் அடுக்கு மட்டும். அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் சாயங்காலம் டிவி பாத்துக்கிட்டே உருட்டிக் கொடுத்தாங்க, அத்தைக்குத்தான் மூக்கு கச்சிதமா வந்துச்சு, மாந்தோப்புல வளந்தவங்க. கலரு ஒரே பச்சையா அடிக்கக் கூடாது, வெயில் பட்ட தோள் பக்கம் லேசா மஞ்ச, சிலதுல செவப்பு, காம்புப் பக்கம் பால் வடிஞ்ச கறுப்புக் கோடு, அதுவும் எல்லாத்துலயும் இல்ல, பத்துல ஒண்ணுல.

பெயிண்ட்ல ரெண்டே விஷயம். மெல்லிசா அடிக்கணும், ஏர்பிரஷ் இருந்தா நல்லது, இல்லன்னா தண்ணி கலந்து பல கோட்டு. கடைசில மேட் வார்னிஷ், ஏன்னா பளபளப்பும் வகுபடணும், பன்னண்டு மீட்டர் தள்ளி நிக்கற லாரி மேல தெரியற மினுமினுப்பு ரொம்பக் கம்மி. அதே காரணத்துக்கு கலரையும் ஒரு சொட்டு வெள்ளை கலந்து மங்க வைக்கணும். ரோட்ட கறுப்பா அடிக்காதீங்க, வெளில போயி பாருங்க, புதுசா போட்ட தார் தவிர எந்த ரோடும் கறுப்பா இல்ல, சாம்பல்தான். நான் 60-ம் நம்பர் எமரி ஷீட்ட விரிச்சு சாம்பல் அடிச்சேன், அதோட பொடி கால் மில்லி சொச்சம், பெருக்குனா ஆறு மில்லி ஜல்லி, ரோட்டு மேல்தளத்துக்குப் பொருந்துது. ரோட்டோரத்துக்கு நம்ம ஊரு செம்மண்ணையே எடுத்தேன், ஆனா அள்ளின மண்ண அப்படியே போட்டா ஒவ்வொரு பொடியும் கல்லாத் தெரியும். நாட்டு மருந்துக்கு வஸ்திரகாயம் பண்ற மாதிரி பழைய வேட்டித் துணில சலிச்சு, அந்த மாவைத்தான் தூவணும். சலிச்சதுல மேல நின்ன மணல தூக்கிப் போடாதீங்க, ஒரு மில்லிக்குக் கீழ இருக்கற மணலு 1/24 ல முக்கால் இன்ச் ஜல்லி, ரோட்டோரம் ஒரு குவியல் கொட்டி வச்சா ரோடு வேலை நடக்கற எடம் ரெடி.

சரி போட்டோ. இதுக்குத்தான் இவ்ளோவும்.

முதல் விதி கண்ணு உயரம். ரோட்டுல நிக்கற ஒருத்தரோட கண்ணு தரைல இருந்து அஞ்சேகால் அடில இருக்கும், நமக்கு அது ரெண்டரை இன்ச் சொச்சம். லென்ஸு அந்த உயரத்துல இருக்கணும், அதுக்கு மேல போனா மாடிலயோ மரத்துமேலயோ நின்னு பாக்கற மாதிரி ஆயிடும், மனுசங்க பொம்மைய பாக்கறதும் அப்படித்தான், மேல இருந்து. இந்த உயரத்துக்கு பெரிய கேமராவ எறக்கறது கஷ்டம், போன் சுலபம். போன தலைகீழா புடிச்சா லென்ஸு அடிக்கு வந்துடும், அப்படியே மாடல் நிக்கற பலகை மேல நிறுத்தி எடுக்கலாம், எடுத்த படத்த அப்புறம் திருப்பிக்கலாம். எங்கிட்ட டிஎஸ்எல்ஆர் இருந்தும் நான் பாதிக்கு மேல போன்லதான் எடுக்கறேன்.

ரெண்டாவது, எல்லாமே தெளிவா இருக்கணும். கல்யாண போட்டோவுக்கு பின்னாடி மங்கலா இருந்தா அழகு, மாடலுக்கு அதுதான் எமன். பக்கத்துல இருக்கற சின்ன பொருள எடுத்தாத்தான் முன்னாடியும் பின்னாடியும் மங்கும்னு நம்ம மூளைக்குப் பழக்கம், நெஜ ஊரையே மேல இருந்து எடுத்து மேலயும் கீழயும் மங்கலாக்கினா பொம்ம ஊரா தெரியறது அதனாலதான். போன்ல போர்ட்ரெய்ட் மோடு ஆஃப். பெரிய கேமரான்னா லென்ஸோட துவாரத்த எஃப் 16 வரைக்கும் சின்னதாக்குங்க, அதுக்கு மேல போனா முழுப் படமுமே சாஃப்ட் ஆயிடும். அதுவும் பத்தலன்னா ஃபோகஸ் ஸ்டாக்கிங், கேமராவ அசைக்காம முன் பம்பர்ல இருந்து பின் மட்கார்டு வரைக்கும் ஃபோகஸ கொஞ்சம் கொஞ்சமா நகத்தி வரிசையா எடுத்து, சாஃப்ட்வேர்ல ஒண்ணாக்கறது. காத்து அடிச்சா பின்னாடி இருக்கற மரம் ஒவ்வொரு படத்துலயும் ஒவ்வொரு எடத்துல இருக்கும், அதனால காத்தில்லாத விடியக்காலைல பண்ணுங்க.

மூணாவது வெளிச்சம், இதுல சூரியன விட்டா வேற வழியே இல்லன்னு சொல்வேன். ரூமுக்குள்ள டேபிள் லேம்ப் வச்சா லேம்புக்குப் பக்கத்துல இருக்கற கேபின் வெளுத்தும் பின்னாடி இருட்டாவும் இருக்கும், நெஜ லாரில அப்படி ஆகாது, ஏன்னா சூரியனுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தூரம்தான். நிழலும் அப்படியே. வானத்துல சூரியனோட அகலம் அரை டிகிரி, அந்தக் கோணம் மாறறதே இல்ல, அதனால நெஜ லாரியோட நிழல் ஓரத்துல எவ்ளோ மங்கல் விழுமோ அத சரியா 24-ஆல வகுத்த மங்கல்தான் நம்ம லாரி நிழல்லயும் விழும். நாம ஒண்ணுமே பண்ணாம சரியா வகுபடற ஒரே விஷயம் வெயிலு. காலைல ஏழுல இருந்து எட்டரை, சாயங்காலம் நாலரைக்கு மேல, அந்தச் சாஞ்ச வெயில்ல மரப்பலகையோட ஒவ்வொரு இடுக்கும் தெரியும்.

பின்னணிக்கு எங்க வீட்டு மொட்டை மாடி கைப்பிடிச் சுவரு. ரோடு, செம்மண் எல்லாம் ஒரு பலகை மேல பண்ணி வச்சிருக்கேன், அந்தப் பலகைய சுவர் மேல வச்சா பின்னாடி சையத் பாஷா மலை, கோட்டையோட முழுசா நிக்கும். கணக்கு என்னன்னா லாரி லென்ஸுல இருந்து அர மீட்டர்ல இருந்தா படத்துல அது பன்னண்டு மீட்டர்ல நிக்கற லாரி. நெஜத்துல ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கற மரம் படத்துலயும் ஐம்பது மீட்டர்லதான் தெரியும். அப்ப மரம் லாரிக்கு முப்பத்தெட்டு மீட்டர் பின்னாடி, பொருத்தம். பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்கு எட்டு மீட்டர்ல இருந்தா மாட்டிக்கிட்டோம், படத்துல அது லாரிக்கும் முன்னாடி இருக்க வேண்டிய பொருளு, ஆனா பின்னாடி மறைஞ்சு நிக்கும், என்னமோ தப்புன்னு பாக்கறவங்களுக்குத் தோணிடும். அதனால கிட்டக்க எதுவும் வரக் கூடாது. பலகையோட பின் விளிம்பு தெரியாம இருக்க அங்க ஒரு வரப்போ வேலியோ வச்சு மறைச்சா போதும், மாடல் மண்ணும் நெஜ ஊரும் சேந்துடும். இந்த முறைய உலகத்துக்குக் காட்டினவர்ல முக்கியமானவரு அமெரிக்காவோட மைக்கேல் பால் ஸ்மித், 2018ல காலமாயிட்டாரு. எல்ஜின் பார்க்னு கற்பனையா ஒரு ஊர உருவாக்கி, 1/24 காருங்கள தெருவுல டேபிள் போட்டு வச்சு, பின்னாடி நெஜ மரமும் நெஜ வீடும் வர்ற மாதிரி எடுத்தாரு, சாதாரண சின்ன டிஜிட்டல் கேமராவுல. அவரு படத்துல அவரு சின்ன வயசு ஊரு திரும்ப வந்துச்சு. நமக்கும் அதுக்குத் தேவையானது எல்லாமே இருக்கு, நம்ம மலை, நம்ம வெயிலு, நம்ம செம்மண்ணு.

வகுபடாதது ஒண்ணு தண்ணி. தென்பெண்ணைல 1950கள்ல கட்டின கேஆர்பி அணை பக்கம் எடுக்கலாம்னு யாருக்கும் ஆசை வரும், மதகுல இருந்து தண்ணி விழறப்ப அவ்ளோ அழகு. தூரத்துல பின்னணியா இருந்தா பிரச்சனை இல்ல. மாடல் பக்கத்துல மட்டும் நெஜத் தண்ணி வேண்டாம், ஒரு சொட்டு நாலு மில்லி, அது 1/24 ல பத்து சென்டிமீட்டர் சொட்டு, தேங்கின தண்ணியோட ஓரமும் மேடா குவிஞ்சு நிக்கும். மழை பெஞ்ச ரோடு வேணும்னா கிளாஸ் வார்னிஷ பள்ளத்துல மட்டும் தடவுங்க.

படம் ரெடியானதும் அந்த டிரைவர் அண்ணனுக்கு வாட்ஸாப்ல அனுப்பினேன். "இது எந்த ஊர்ல எடுத்தது, வண்டி யாருது" னு கேட்டு போன் பண்ணாரு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கூப்ட்டு, லோடு நல்லா உக்காந்திருக்கு தம்பின்னாரு. எனக்கு அந்த வார்த்தை போதும்.

அடுத்து எடுத்திருக்கறது ரயிலு. கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்னிக்கு ரயில்வே ஸ்டேஷன் இல்ல, மாவட்டத் தலைநகரு, ரயில் இல்ல. ஆனா ஒரு காலத்துல இருந்துச்சு. திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு 1905லயும், மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கு 1906லயும் குட்டி ரயில் ஓட ஆரம்பிச்சுது, பஞ்ச காலத்துல தானியம் கொண்டு வர வழி வேணும்னு போட்ட லைனுங்க, தர்மபுரி லைன அப்புறம் 1913ல ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க. ரெண்டாம் உலகப்போர் காலத்துக்குள்ள எல்லாத்தையும் மூடிட்டாங்க. தண்டவாளத்தோட அகலம் ரெண்டரை அடி, கல்கா சிம்லா ரயிலு ஓடற அதே அகலம். ரெண்டரை அடின்னா நமக்கு ஒண்ணேகால் இன்ச், 31.75 மில்லி. ஓ கேஜ்னு உலகம் முழுக்க விக்கற மாடல் தண்டவாளம் 32 மில்லி. கால் மில்லிதான் வித்தியாசம், அத யாரு கண்ணும் புடிக்காது. அப்ப லாரியும் ரயிலும் ஒரே ஸ்கேல்ல ஒரே பலகைல நிக்கலாம், தண்டவாளத்த நான் தனியா செய்யவும் வேண்டியதில்ல. தண்டவாளம் ஆர்டர் போட்டாச்சு, ஸ்லீப்பர் கட்டைய வினீர்ல வெட்டிட்டு இருக்கேன். மொரப்பூர், தர்மபுரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் யாரு வீட்டுலயாவது தாத்தா காலத்து போட்டோ இருந்து, அதுல ஓரமாவாவது அந்த ரயில் பெட்டியோ ஸ்டேஷன் கட்டடமோ தெரிஞ்சா எனக்குக் காட்டுங்க, பக்கத்துல ஒரு ஆளு நின்னிருந்தா இன்னும் நல்லது, அவரு உயரத்த வச்சே மத்த அளவெல்லாம் எடுத்துடுவேன்.